பூஜைக்கு வைத்த பெட்டி

பழவங்காடியில் ஒரு ஜவுளிக்கடையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள் நான். டேட்டாபேஸ் சர்வரின் முகவரி மாறும்போதெல்லாம் கவுண்டர் கவுண்டராகப் போய் மாற்றி அலுத்துப்போய், 2003-இல் தனியாக ஒரு டைரக்டரி சர்வர் வைத்தேன். அதன்பின் எல்லாக் கம்ப்யூட்டரும் அதனிடம் முகவரி கேட்டுத்தான் டேட்டாபேஸுக்குப் போகும்.

நவராத்திரி வந்தது. பூஜைக்கு வைத்ததை விஜயதசமி வரை தொடக்கூடாது, வியாபாரமும் நிற்கக்கூடாது. வலியசாலைக்காரரான மேனேஜர் அனந்தசிவன் சார், நான் வீட்டுக்குப் போனபின் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றி, சந்தனம் பூசி சரஸ்வதி முன்னால் வைத்துவிட்டார்.

மறுநாள் எந்தக் கவுண்டரிலும் பில் வரவில்லை.

"சார், அதாக்கும் டைரக்டரி சர்வர்!" என்று கத்தினேன்.

"அதுக்கு முன்னாலே யாருமே ஒக்காரறதில்லையே. வேலையில்லாத பெட்டின்னு நெனச்சேன்."

"டேட்டாபேஸ் அடுத்த ரூம்ல ஓடிண்டுதான் இருக்கு. அது எங்க இருக்குன்னு சொல்லத்தான் ஆளில்லை!"

"அதுக்காகப் பூஜையைக் கலைக்கப்படாது."

விஜயதசமி வரை எல்லோரும் கையால் பில் எழுதினோம்.

அடுத்த வருஷம் பூஜைக்கு நானே முந்திக்கொண்டு அனந்தசிவன் சாரின் கம்ப்யூட்டரைக் கழற்றி வைத்தேன். கடையில் ஒன்றுமே நிற்கவில்லை.