கை நனைக்காத ஜாமீன்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு சிரிப்பில் பிறந்தது. சிரித்தவள் நான்.

நவம்பர் மாதம் வந்தால் நான் உயிரோடு இருக்கிறேன் என்று வங்கிக்குப் போய்க் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். அப்படிக் காட்டப் போய், கொடைக்கானலில் ஒரு வங்கியில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். (எந்த வங்கி என்று கேட்காதீர்கள். மறுபடியும் அடுத்த நவம்பரில் நான் அங்கேதான் போயாக வேண்டும்.) என் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் கடன் கொடுக்கும் மேசை. அதன் முன்னால் ஓர் அம்மா. தலையில் முக்காடு, உடம்பில் ஆண்கள் போடும் ஸ்வெட்டர், மடியில் தூக்குவாளி. தூக்குவாளியிலிருந்து சுட்ட பூண்டு வாசனை.

அந்த அம்மா கேட்டார்: "அதெல்லாம் சரி தாயி. எனக்கு ஜாமீன் நிக்கிறாரே, அவரு பேரு என்ன?"

"அரசாங்கம்மா," என்றாள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதிகாரி.

"அது தெரியுது. அரசாங்கத்துல யாரு?"

காசாளர் சிரித்தார். துப்பாக்கியோடு நின்ற காவலாளி சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். அந்த அம்மா திரும்பி என்னை மட்டும் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. 'உனக்குப் பேர் தெரியும் போலிருக்கே, சொல்லேன்' என்பதுபோல ஒரு பார்வை.

எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தும் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2

தொடக்கம் ஒன்று: "அட்டுவம்பட்டியின் மேல் பனி மெல்ல இறங்கி, பைன் மரங்களின் நுனியை—"

(வேண்டாம். பனியைப் புகழ ஓட்டல்காரர்கள் இருக்கிறார்கள். பனி இறங்கினால் விறகு நனைந்துவிடும், கதைக்கு வேண்டியது அவ்வளவுதான்.)

தொடக்கம் இரண்டு: "சொத்து அடமானமும் ஆள் ஜாமீனும் இன்றிச் சிறுதொழில் செய்வோருக்கு வங்கி அளிக்கும் கடனுக்கு அரசு உத்தரவாதம் அளிக்கும் நிலையில், பெற்றவர் தவறும் பட்சத்தில், அளித்தவருக்கு, அளிப்பதாகச் சொன்னவர், தவறியவரின்—"

(யார் யாருக்கு? எழுதிய எனக்கே தெரியவில்லை. நடுவில் எழுந்துபோய்க் காப்பி போட்டுக் குடித்தேன். திரும்பி வந்து படித்தால் இன்னும் மோசமாக இருந்தது.)

தொடக்கம் மூன்று: ஷம்ஷாத்துக்கு ஓர் அடுப்பு வேண்டும்.

இது நிற்கிறது.

ஷம்ஷாத் அட்டுவம்பட்டியில் வீட்டுக்குப் பின்னால் பன் சுட்டு விற்கிறவர். விறகு அடுப்பு. அதில் விரிசல் விழுந்து, ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் வேகாது. ஒரு பள்ளி விடுதியில் அவருடைய பூண்டு பன்னைத் தின்று பார்த்துவிட்டு, ஜனவரியிலிருந்து தினமும் காலையில் நானூறு வேண்டும், முடியுமா முடியாதா, மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். விறகு அடுப்பில் நூற்றைம்பதைத் தாண்டாது. எரிவாயு அடுப்பும் மாவு பிசையும் இயந்திரமுமாக ஆறு லட்சம். வங்கிக் கடன் கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் நானூறு பன்னும் வேறொருவர் அடுப்புக்குப் போய்விடும்.

கடன் கிடைத்துவிட்டது. அங்கேதான் சிக்கலே.

3

அதிகாரியின் பெயர் தமிழ்மதி. சின்னப் பெண், பொறுமைசாலி. தொலைபேசியில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஜாமீனுக்கு ஆள் தேட வேண்டாம்மா, அரசாங்கமே நிக்குது. புதன்கிழமை வாங்க, கையெழுத்து இருக்கு."

ஷம்ஷாத் இதைக் கேட்டுக்கொண்ட விதம் வேறு. புதன்கிழமை அரசாங்கத்திலிருந்து ஒருவர் வருவார், தனக்காகக் கையெழுத்துப் போடுவார். அப்படியென்றால் அவர் சாப்பிட வேண்டும்.

"எங்க மாமியா வச்ச சட்டம்," என்று அவர் தமிழ்மதியிடம் சொன்னதை நானே கேட்டேன். "ஒருத்தரு நமக்கு ஜாமீன் போடுறாருன்னா, முன்னாடி நம்ம சோத்துல கை நனைக்கணும். கை நனைக்காத கைகிட்ட கையெழுத்து வாங்கக் கூடாது. அதான் வெள்ளனே எந்திரிச்சு சுட்டு எடுத்தாந்தேன். அவரு எப்ப வருவாரு?"

"யாரும் வர மாட்டாங்கம்மா. கம்ப்யூட்டர்லயே முடிஞ்சுரும்."

"வராமலேயா ஜாமீன் போடுறாரு? என் மொகத்தக் கூடப் பாக்காம?"

"உங்கள நாங்க பாத்துட்டோம்ல."

"சரி, நான் கட்ட முடியாம போனா?"

"பெரும்பகுதிய அரசாங்கம் பேங்குக்குக் குடுத்துரும்."

"அப்ப என் கடன் தீந்துருச்சு."

"இல்லம்மா, நீங்க கட்டணும்."

"அதான் அவரு கட்டிட்டாருல்ல?"

"அவரு பேங்குக்குக் குடுத்தாரு. நாங்க உங்ககிட்ட வசூல் பண்ணி, அவருக்குத் திருப்பிக் குடுப்போம்."

தமிழ்மதியும் 'அவரு' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள், கவனித்தீர்களா? நான் கவனித்தேன்.

"இதுக்கு வருஷா வருஷம் ஒரு கட்டணம் இருக்கும்மா."

"யாரு குடுக்கணும்?"

"நீங்கதான்."

"ஏம்மா, ஜாமீன் ஒனக்கு. கட்டணம் எனக்கு. கடனும் எனக்கு. அவருக்கு என்னதான் சோலி?"

தமிழ்மதி பேனாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

பிறகு, என் வருமான வரிக் கணக்கைப் பார்க்கும் ஜெயமுருகனிடம் இதைக் கேட்டேன். "குடை மாதிரிங்க," என்றார். அப்பாடா என்று இருந்தது. "ஆனா குடை பேங்குக்கு. மழை உங்களுக்கு." மறுபடியும் தலை சுற்றியது. "அப்படி ஒரு குடை இருக்கறதாலதான் உங்கள நம்பி பேங்குக்காரன் வெளிய எறங்குறான்." இது கொஞ்சம் புரிந்தது. பாதி.

4

இனி, எப்படி எழுதுவது என்று எனக்குச் சந்தேகம் உள்ள ஆள்.

வங்கியில் ஷம்ஷாத் ஒரு பழைய கதையும் சொன்னார். அவர் கணவர் ஜமால் முகம்மது முன்பு கொடைக்கானல் பஜாரில் கடை வைத்திருந்தார். கூக்கால் கிராமத்தில் பூண்டு பயிர் போடும் ஒரு நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அந்த வீட்டு அம்மாள் அன்னக்கொடி பரிமாறிய சோற்றில் கை நனைத்துவிட்டுத்தான் போட்டார். நண்பரால் கட்ட முடியவில்லை. வங்கி ஜமாலைப் பிடித்தது. கடை போயிற்று.

நண்பரின் பெயரை ஷம்ஷாத் சொல்லவில்லை. குழந்தைவேல் என்று வைத்தது நான். முதல் தடவை எழுதும்போது அவர் கழுத்தில் தங்கச்சங்கிலி போட்டு, ஊரை ஏமாற்றும் சிரிப்பும் கொடுத்துப் பார்த்தேன். அந்தச் சங்கிலி கழுத்தில் நிற்கவே இல்லை. கழற்றிவிட்டேன். ஏனென்றால் ஷம்ஷாத் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அந்த மனிதர் பஜாரில் பஸ்ஸைவிட்டு இறங்குவதில்லை. ஜமால் எதிரே வந்துவிடுவாரோ என்று ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, மேட்டுவழியாகச் சுற்றிக்கொண்டு நடக்கிறார். ஆனால் ஒவ்வொரு அறுவடைக்கும் கூக்கால் பஸ்ஸில் ஒரு மூட்டைப் பூண்டு வருகிறது. பேர் கிடையாது. கண்டக்டர் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். பதினொரு வருடமாக.

பூண்டு பன் எப்படி வந்தது என்று இப்போது தெரிகிறதா?

(ரொம்பத்தான் பொருந்தி வருகிறதே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் தூக்குவாளி வாசனை என் கற்பனை இல்லை.)

அந்தப் புதன்கிழமை ராத்திரி அவர்கள் வீட்டில் என்ன பேசியிருப்பார்கள்? நான் அங்கே இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஜமால் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். "ஆளில்லாத ஜாமீன்னா நல்லதுதான புள்ள. நாளைக்கு யாரு மொகத்துலயும் முழிக்க வேண்டாம். யாரும் ஒரு ஸ்டாப் முன்னாடி எறங்க வேண்டாம்."

"மொகமே இல்லன்னா யாருக்கு வெக்கப்பட்டுக் கட்டுறது?" என்றார் ஷம்ஷாத். "அந்த அண்ணன் வெக்கப்பட்டாரு. அதான் மூட்டை வருது. அரசாங்கம் எந்த பஸ்ல வரும்? நான் எங்க எறங்கி ஒளியிறது?"

"அப்ப கட்டாம ஓடிப்போவோம்னு இப்பவே முடிவு பண்ணிட்டியாக்கும்?"

"ஒங்க வாயில பூண்டத் தேய்க்க! நான் கட்டுவேன். யாருக்குக் கட்டுறேன்னு தெரிஞ்சா வெரசாவே கட்டுவேன்."

ஜமால் சிரித்தார் என்று எழுதினேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் உரித்த பல்லை ஊதித் தோலைப் பறக்கவிட்டு, அடுத்த பல்லை எடுத்தார்.

5

முடிவுகள். மூன்று எழுதிவைத்திருக்கிறேன்.

(அ) ஷம்ஷாத் கையெழுத்துப் போடுகிறார். அடுப்பு வருகிறது. நானூறு பன். தவணை தவறவில்லை. எல்லோரும் சுபமாக— (இது விளம்பரம்.)

(ஆ) போடவில்லை. தூக்குவாளியை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். விரிசலில் மண்ணைப் பூசுகிறார். (இதை எழுதி முடித்தபோது எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. பிறகு என்மேல்.)

(இ) இது எனக்குப் பிடித்தது. ஷம்ஷாத் கூக்காலுக்கு பஸ் ஏறுகிறார். குழந்தைவேல் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. அன்னக்கொடிதான் வருகிறார்.

"வாங்க மதினி," என்கிறார், பதினொரு வருடம் இல்லாததுபோல.

"அண்ணன் எனக்கு ஜாமீன் போடணும். அதக் கேக்கத்தான் வந்தேன்."

உள்ளே ஏதோ பாத்திரம் விழுகிறது. குழந்தைவேல் வாசலுக்கு வருகிறார். பன்னை வாங்கிப் பிட்டுத் தின்கிறார். சட்டை மாற்றிக்கொண்டு கூடவே பஸ் ஏறுகிறார். இந்தத் தடவை பஜாரிலேயே இறங்குகிறார். வங்கியில் தமிழ்மதி இருவரையும் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: "ஐயோ, இதுல ஆள் ஜாமீன் வாங்கவே கூடாதுங்க. வாங்கினா அரசாங்க ஜாமீன் கெடைக்காது."

குழந்தைவேல் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "ஒரு ஓரத்துல கூடவாம்மா எடமில்ல?"

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். அவரை அங்கே அப்படியே நிறுத்திவிட்டு மேலே எழுத முடியவில்லை. இது நடக்கவும் இல்லை. நடந்ததைச் சொல்லாமல் இவ்வளவு நேரம் ஒளித்துவைத்திருக்கிறேன், அதைச் சொல்லிவிடுகிறேன்.

6

எல்லோரும் சிரித்து முடித்த பிறகு ஷம்ஷாத் தூக்குவாளியைத் திறந்தார். "நீயாவது கை நனை தாயி," என்று ஒரு பன்னை நீட்டினார்.

"கஸ்டமர்கிட்ட எதுவும் வாங்கக் கூடாதும்மா," என்றாள் தமிழ்மதி. பன்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஷம்ஷாத் என் பக்கம் திரும்பினார். "நீங்க பென்ஷனுக்கு வந்தவுகளா?"

"ஆமா."

"அரசாங்கப் பென்ஷனா?"

"ஆமா. தபாலாபீஸ்ல இருந்தேன்."

"அப்ப நீங்க அரசாங்கந்தான். சிரிச்சீகள்ல? இந்தாங்க, சாப்பிடுங்க."

மறுக்கத் தெரியவில்லை. பன் சூடாக இருந்தது. ஒரு பக்கம் லேசாகக் கருகியிருந்தது, வெண்ணெயும் பூண்டும் விரலெல்லாம் வழிந்தது. பாதி தின்பதற்குள் என் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். போய்க் கைரேகை இயந்திரத்தில் பெருவிரலை வைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி வைத்தேன். நான் உயிரோடு இருப்பதை அது ஒப்புக்கொள்ளவே இல்லை.

"வெரல்ல எண்ணெய்ங்க. கைய நனைச்சுட்டு வாங்க," என்றார் காசாளர்.

அந்த வார்த்தையைத்தான் சொன்னார். சத்தியமாக.

கொல்லைக் குழாயில் கையை நனைத்துத் துடைத்துக்கொண்டு வந்தேன். ரேகை விழுந்தது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று சீட்டும் வந்தது. திரும்பிப் பார்த்தால் ஷம்ஷாத்தின் நாற்காலி காலி. தமிழ்மதி அடுத்த ஆளிடம் பேசிக்கொண்டிருந்தாள். கையெழுத்து விழுந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இன்னொருத்தர் கடன் விஷயத்தைக் கேட்க நான் யார் என்று நினைத்துவிட்டேன்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் நான் யார்? அவர் மாமியார் சட்டப்படி நான்தானே ஜாமீன்?

இது நடந்து இரண்டு நாள் ஆகிறது. மீதிப் பாதி பன் டோக்கன் சீட்டில் சுற்றி என் கைப்பையில்தான் கிடக்கிறது. இந்தக் குளிரில் கெட்டுப்போகாது. நான் ஒருத்தி ஆறு லட்சத்துக்குத் தாங்க மாட்டேன். தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிற நீங்களும் அரசாங்கம்தானே? அதனால் பாதியை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். ஒரு பக்கம் கருகியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்கொள்வதானால் உங்கள் பேரைச் சொல்லிவிட்டு எடுங்கள். அந்த அம்மா கேட்டது அதை மட்டும்தான்.