தினம் ஒரு வெயில் அறிக்கை

கிளாரா ஒமுரோவ்னாவின் ஆங்கில வகுப்பு நாற்பத்தைந்து நிமிடம். அதில் தொடக்கம் மட்டும் முப்பத்தைந்து. எங்கள் மலைநகரமான நரினில், நூலகத்தின் பின்னறையில், குழந்தைகளுக்குச் செய்த பெஞ்சுகளில் முட்டியை மடக்கி உட்காரும் பன்னிரண்டு பெண்கள் நாங்கள். எங்களில் இளையவளுக்கே முப்பது வயது. அவர் நுழைந்ததும் எழுந்து, "குட் மார்னிங், டீச்சர்" என்று ஒரே குரலில் சொல்ல வேண்டும். பிசிறடித்தால் உட்கார்ந்து மறுபடி எழ வேண்டும். பிறகு அன்றைய முறைக்காரி முன்னால் போய் ஆங்கிலத்தில் அறிக்கை ஒப்பிப்பாள்: இன்ன தேதி, இன்ன கிழமை, இன்ன பருவம், வெயில் அடிக்கிறது, எல்லோரும் வந்திருக்கிறார்கள். ஒரு சொல் தவறினாலும் முதலிலிருந்து.

மூச்சு இமையில் உறையும் ஜனவரியிலும் எங்கள் வகுப்பில் வெயில்தான் அடித்தது. சோவியத் காலத்தில் பயிற்சிக் கல்லூரி கொடுத்த அட்டையில் அப்படி எழுதியிருந்ததாம். நாடே போய்விட்டது, அந்த அட்டை போகவில்லை. அம்மையாரின் படிப்பும் அந்த அட்டையோடு சரி.

இந்தக் கூத்தை நாங்கள் சகித்ததற்குக் காரணம் உண்டு. சோங்-கோல் ஏரிக்கரையில் சுற்றுலாக் கூடாரங்கள் நடத்தும் ஹாலந்துக்காரர், விருந்தாளிகளோடு நாலு வார்த்தை பேசத் தெரிந்த ஒரு சமையல்காரியைத் தேடினார். ஏப்ரலில் நேரில் வந்து எங்களில் ஒருத்தியைத் தேர்ந்தெடுப்பதாகச் சொல்லியிருந்தார். என் பெஞ்சுக்காரி புருலுக்கு அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். மாஸ்கோவுக்கு வேலைக்குப் போன புருஷன் இரண்டு வருஷமாகப் பேசவில்லை. வீட்டில் மூன்று பிள்ளைகள்.

அவள் ஒருநாள் கேட்டாள்: "கிளாரா ஒமுரோவ்னா, 'பசிக்குதா'ன்னு இங்கிலீஷ்ல எப்படிக் கேக்கிறது?"

"அது பதினாலாம் பாடம். நீ இன்னும் தேதியையே ஒழுங்கா சொல்லல."

ஆறு மாதத்தில் நாங்கள் மூன்றாம் பாடத்தைத் தாண்டவில்லை. புருல் யாரிடமோ கேட்டு, மாவு படிந்த காகிதத்தில் தானே எழுதிப் படித்தாள்.

ஹாலந்துக்காரர் வந்த அன்று பனிப்புயல். தோளில் பனியோடு உள்ளே வந்தார். "ஏரிக்குப் போற கணவாயை மூடப் போறாங்க. இருபது நிமிஷம்தான் இருக்கு" என்றான் கூட வந்த டிரைவர்.

"முதல்ல எங்க ஒழுங்கைப் பாக்கட்டும்" என்று அவரைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார் கிளாரா ஒமுரோவ்னா.

அன்று புருலின் முறை. தேதி சொன்னாள், கிழமை சொன்னாள். ஜன்னலைப் பார்த்து, "பனி பெய்கிறது" என்று சொந்தமாக ஆங்கிலத்தில் சொன்னாள். ஹாலந்துக்காரர் நிமிர்ந்தார்.

"வெயில்!"

"அவரு தோளைப் பாருங்க, கிளாரா ஒமுரோவ்னா."

"தோளைப் பாத்தா அறிக்கை சொல்றது? முதல்லேர்ந்து!"

எங்களையும் உட்காரவைத்து எழுப்பினார். மூன்று தரம். மூன்று தரமும் பெஞ்சிலிருந்த பதினோரு மூஞ்சியும் மந்தை மாதிரி எழுந்து உட்கார்ந்தன, என்னுடையதும் சேர்த்து. நாலாம் தரம் தொடங்கும்போது வெளியே ஹாரன் அடித்தது. அந்த மனிதர் எழுந்து நன்றி சொன்னார், கை குலுக்கினார், போய்விட்டார். யாரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

"பாத்தீங்களா, அசந்துட்டாரு!" என்றார் கிளாரா ஒமுரோவ்னா. முகத்தில் அப்படி ஒரு பெருமை. செவிட்டில் அறையலாம் போலிருந்தது எனக்கு.

புருல் அனுமதி கேட்கவில்லை. கோட்டுகூட இல்லாமல் வெளியே ஓடினாள். ஜன்னல் வழியே பார்த்தோம். நகரத் தொடங்கிய காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடி இறங்கியது. அவள் பேசினாள், கையால் மாவு பிசைந்து காட்டினாள், மறுபடி பேசினாள். அவர் சிரித்தார், ஏதோ எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வந்தவளை வாசலிலேயே மறித்தார் கிளாரா ஒமுரோவ்னா. "உள்ளே வரலாமான்னு இங்கிலீஷ்ல கேளு."

"நான் உள்ள வரல" என்றாள் புருல், தலையெல்லாம் பனியோடு. "ஜூன் ஒண்ணாந்தேதி ஏரிக்கு வரச் சொல்லிட்டாரு. அக்கா, என் கோட்டையும் பையையும் எடுத்துக் குடு."

எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். கதவு திறந்தேதான் இருந்தது.

"நீயும் வாயேன் அக்கா" என்றாள்.

"அடுத்த முறைக்காரி யாரு?" என்றது பின்னாலிருந்து குரல்.

நான்தான். தேதியைச் சொல்லத் தொடங்கினேன்.