நாற்பத்தொன்றாம் பக்கம்

நாற்பத்தொன்றாம் பக்கத்தை முதியோர் இல்லத்தின் மேலாளர் இரண்டாம் முறை படித்தபோது, அதை எழுதிய ஆராய்ச்சி மாணவியான அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். முதியோர் இல்லங்களில் வேலை செய்கிறவர்களைப் பற்றி இரண்டு வருடம் அலைந்து எழுதிய ஆய்வறிக்கை அது. தங்கள் ஆட்களைப் பேட்டி எடுக்க அனுமதித்த எட்டு இல்லங்களுக்கும் நேரில் போய் ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிட்டு வரச் சொல்லிப் பேராசிரியர் அனுப்பியிருந்தார். மேலாளர் தலையைத் தூக்கி, ரொம்ப உருக்கமாக இருக்கிறது என்றார். பிறகு, மற்ற இல்லங்களில் எல்லாம் துணியில் மைப்பேனாவால்தான் பேர் எழுதுவார்கள், சிவப்பு நூலில் பேர்ப்பட்டை தைப்பது இங்கே மட்டும்தான் என்று சாதாரணமாகச் சொன்னார்.

அவளுக்கு அது தெரியாது. மற்ற இல்லங்களில் வேலை செய்கிறவர்களை எல்லாம் பேருந்து நிறுத்தத்திலும் பூங்கா பெஞ்சிலும் வைத்துத்தான் பேட்டி எடுத்திருந்தாள். அவள் உள்ளே போய்ப் பார்த்த சலவையறை இது ஒன்றுதான்.

அங்கே துணி துவைக்கிறவளைத்தான் இவள் அக்கா என்று கூப்பிட்டாள். ஊரைவிட்டு இந்த வெளிநாட்டுக்கு வந்த மூன்று வருடத்தில் அவளைப் பார்த்ததும் "சாப்பிட்டியா?" என்று கேட்ட முதல் ஆள். ஒலிப்பதிவு ஓட ஆரம்பித்ததும், "எம் பேரு வராதுல்ல?" என்று கேட்டாள். வராது, ஏழாம் நபர் என்றுதான் வரும் என்று இவள் சொன்னதற்கு, "ஜெயில்ல குடுக்கற மாதிரி நம்பரா? சரி, கேளு" என்று சிரித்தாள். துணிகளை மடித்துக்கொண்டே பேசினாள். யாராவது இறந்துபோனால் அவர்கள் துணி கடைசியாக ஒருமுறை சலவைக்கு வரும். குடும்பத்துக்கு அனுப்பக் கட்டுமுன், காலருக்கு உள்ளே தைத்திருக்கும் பேர்ப்பட்டையை மட்டும் பிரித்து ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்துவிடுவாள்.

"துணி பிள்ளைங்களுக்குப் போயிடுது. கட்டில் அடுத்தவங்களுக்குப் போயிடுது. பேரு எங்கடா போகும்? அதான் நான் வச்சிருக்கேன். நெட்டைக்கு மட்டும்தான் தெரியும். இப்ப உனக்கு."

நெட்டை என்பது இஸ்திரி போடுகிறவள். பதினோரு வருடமாக அக்காவின் பக்கத்து மேசை.

ஒலிப்பதிவைக் காதில் கேட்டு, அதையே வாயால் திருப்பிச் சொல்லிக் கைப்பேசியைத் தட்டச்சு செய்ய வைப்பது அவள் வழக்கம். இந்த இடத்தில் மூன்று முறை அவள் சொல்வதை நிறுத்த, மூன்று முறையும் கைப்பேசி பாதியில் நின்றுவிட்டது. பேராசிரியர் அந்தப் பத்திக்குப் பக்கத்தில் 'தங்கம்' என்று எழுதிக் கொடுத்தார். அடையாளம் தெரியாமலிருக்க அக்காவின் வயதைக் கூட்டினாள், இரண்டு பிள்ளைகளை மூன்றாக்கினாள். சிவப்பு நூலை ஒருமுறை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தாள். பத்தி சோகையாகத் தெரிந்தது. திரும்பப் போட்டாள்.

மேலாளரைப் பார்த்துவிட்டு வந்த நாலாம் நாள் அக்கா போன் செய்தாள். அலமாரியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். டப்பாவில் எழுபதுக்கு மேல் பட்டைகள். குடும்பத்தாரின் உடைமையில் கை வைத்ததாகச் சொல்லி அன்றைக்கே வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். "நெட்டைதான்டா. வேற யாருக்குத் தெரியும்?" என்றாள் அக்கா. அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்கலாம். இவள் "ஐயோ அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

நடந்ததைச் சொன்னபோது பேராசிரியர் கோபப்படவில்லை. படிவம் ஒன்று இருக்கிறது, நிரப்பிக் கொடு, ஆய்வு நெறிக் குழு கூடும்வரை அந்தப் பெண்ணிடம் நீயாகப் போய்ப் பேசாதே என்றார். பங்கேற்றவருக்கு நேர்ந்த பாதிப்பு குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. பேனாவை மூன்றுக்கும் மேலாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை காலை, கட்டம் எதையும் நிரப்பாமலே, அறிக்கையைப் பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

அக்கா கதவைத் திறந்ததுமே "என்னடா, இப்படி இளைச்சுப்போயிட்ட?" என்றாள். டீ போட அடுப்படிக்குத் திரும்பியவளின் முதுகைப் பார்த்துத்தான் அவளால் சொல்ல முடிந்தது.

"நெட்டை சொல்லலக்கா. நான்தான்."

"நீ யாருகிட்ட போய்ச் சொன்ன?"

"சொல்லல. எழுதிட்டேன்."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "எம் பேரு வராதுன்னியே."

"பேரு வரலக்கா."

"படி."

அறிக்கை அந்த நாட்டு மொழியில் இருந்தது. அவள் பக்கத்தைப் பார்த்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லச் சொல்ல, மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கவில்லை. அக்காவின் பேச்சு அப்படியே, அக்காவின் இழுப்போடு அவள் வாயில் வந்தது. முடித்ததும் அக்கா கொஞ்சம் சிரித்தாள்.

"நான் இவ்வளவு நல்லாவா பேசினேன்?" என்றாள். பிறகு நெற்றி சுருங்கியது. "ஆனா சிவப்பு நூலுன்னு நான் சொல்லவே இல்லையே."

"இல்லக்கா. அது நான் பாத்தது."

அக்கா அறிக்கையை வாங்கி, அந்த ஒரு தாளை மட்டும் விளிம்போடு நிதானமாகக் கிழித்து எடுத்தாள். திட்டுவாள் என்று இவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை போலிருந்தது.

"நெட்டை போன வாரம் வந்தா. நான் இல்லடின்னு சொல்லி அழுதா. உள்ள கூடக் கூப்பிடல, வாசல்ல நிக்கவெச்சே அனுப்பிட்டேன்."

கைப்பேசியை எடுத்து நெட்டைக்கு அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. நின்றதும் மறுபடி அழைத்தாள். அது அடிக்க அடிக்க அக்காவின் கைகள் தாமாகவே நாற்பத்தொன்றாம் பக்கத்தை மடிக்க ஆரம்பித்தன. முதலில் இரண்டு ஓரத்தையும் சட்டைக் கைபோல் உள்ளே தள்ளினாள். கீழ்ப்பாதியை மேலே கொண்டுவந்தாள். உள்ளங்கையால் ஒரு நீவு நீவி, காலர் இருக்க வேண்டிய இடத்தைக் கட்டைவிரலால் தூக்கி, உள்ளே பட்டை இருக்கிறதா என்று பார்த்தாள்.