கருவாட்டு ஏட்டு

அந்தத் தை மாதம் ஏட்டு கண்ணுச்சாமிக்கு வந்த சளி, சர்க்கார் அவருக்குக் கொடுத்த பயிற்சி எல்லாவற்றையும்விட நாட்டுக்கு அதிகம் பயன்பட்டது. மூக்கு இரண்டும் அடைத்துப் போய், வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, கழுத்தில் மப்ளரோடு செக்போஸ்டில் நின்றுகொண்டிருந்தார். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, கரிசல்குளம் விலக்கில் ஒரு மூங்கில் கம்பைக் குறுக்கே போட்டு, அதற்குச் செக்போஸ்ட் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கமிருந்து துப்பாக்கிகள் படகில் வந்து இறங்குகின்றன, அவை லாரி ஏறி இந்த வழியாகச் செங்கோட்டை தாண்டி மலையாளத்துக்குப் போகின்றன என்று அந்த நாளில் எல்லாருக்கும் தெரியும். டீக்கடையில் தெரியும், சலூனில் தெரியும். போலீசுக்கு மட்டும் அது இன்னும் தகவலாகவே வந்துகொண்டிருந்தது. எந்தச் சரக்கில் வருகிறது என்பதும் பெரிய ரகசியமில்லை. கருவாட்டு மூட்டையில் வந்தது. கருவாட்டு லாரி நூறு கஜத்துக்கு அப்பால் வரும்போதே காவலர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கம்பைத் தூக்கிவிடுவார்கள். அதைக் கடத்தல்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அவர்கள் கண்டுபிடித்ததை நம்மவர்கள் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டு வருடம் முன்பு கண்ணுச்சாமியும் அப்படி ஒரு கம்பைத் தூக்கினார். கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டே, லாரியைச் சோதித்ததாகச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். அந்த லாரி மலைப்பாதையில் குடை சாய்ந்தது. சாளைக் கருவாட்டோடு சேர்ந்து துப்பாக்கிகளும் ரோட்டில் கிடந்ததைப் பேப்பரில் படமாகப் போட்டார்கள். கடலோரத்தில் தொடங்கி மலை வரைக்கும் அந்த லாரியை ஏழெட்டு இடத்தில் விட்டிருந்தார்கள். ஆனால் மேலதிகாரிகளால் ஒரு கையெழுத்தைத்தான் தெளிவாகப் படிக்க முடிந்தது. கண்ணுச்சாமி பட்டாளத்தில் இருந்தபோதே அழகாக எழுதப் பழகியவர்.

மெமோ வந்தது, விசாரணை வந்தது, பதில் எழுதினார், போய்விட்டது. பட்டப்பெயர் போகவில்லை. ஒரு பொட்டலம் கருவாட்டை வாங்கிக்கொண்டு லாரியை விட்டுவிட்டார் என்று யாரோ சொல்ல, ஊரில் அவர் 'கருவாட்டு ஏட்டு' ஆகிவிட்டார். உலைவாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? குழாயடியில் அவர் மனைவி வெள்ளத்தாயிடம், "என்ன மதினி, ஒங்க வீட்டுல இன்னைக்கும் வஞ்சிரந்தானா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அன்றோடு வெள்ளத்தாய் வீட்டில் கருவாடு சமைப்பதை நிறுத்திவிட்டாள். கருவாட்டுக் குழம்பு இல்லாமல் களி இறங்காத வாய் கண்ணுச்சாமிக்கு. அவரும் மோரை ஊற்றிக் கரைத்துக் குடித்துக்கொண்டார்.

சளி பிடித்த அன்று வந்த லாரியின் டிரைவர் சமுத்திரம், வழக்கம்போலக் கம்பு தூக்கப்படும் என்று வேகத்தைக் குறைக்காமலே வந்தான். கம்பு தூக்கப்படவில்லை. ஏட்டு பின்னால் போய்த் தார்ப்பாயைத் தூக்கினார். வாடை அவருக்கு எட்டவே இல்லை. மூட்டைக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினார்.

"ஏட்டையா, நாத்தம் பிடிச்ச சரக்கு. கைய விட்டா ஒரு வாரத்துக்குச் சோறு திங்க முடியாது," என்றான் சமுத்திரம்.

"எனக்கு ஒரு நாத்தமும் தெரியலையேடா," என்றார் கண்ணுச்சாமி. "ஆமா, இம்புட்டு கனத்துல என்னலே மீனு?"

சமுத்திரம் பருத்திக் காட்டுக்குள் ஓடினான். கான்ஸ்டபிள் மாரிச்சாமி துரத்திப் பிடித்தார். எண்ணெய்த் தாளில் சுற்றிய நான்கு கைத்துப்பாக்கிகள் வெளியே வந்தன. ராஜபாளையத்தில் லாரி ஷெட் வைத்திருந்த ஐயாதுரைதான் தன் கையாலேயே அவற்றைப் பொதிந்து வைத்தார் என்று டிரைவர் அடிக்கு முன்பே சொல்லிவிட்டான். ஐயாதுரை அப்போது போலீஸ் - பொதுமக்கள் நல்லுறவுக் குழுவில் உறுப்பினர். அந்தச் செக்போஸ்டுக்குத் தகரக் கூரை போட்டுக் கொடுத்ததே அவர்தான்.

அன்று இரவு வெள்ளத்தாய் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

"இனிமே கருவாடு எடுக்கலாமா?"

"செத்த பொறுட்டி. கேசு முடியட்டும். தீர்ப்பு வந்த அன்னைக்கு நானே வாங்கிட்டு வாரேன். வஞ்சிரமே வாங்குதேன். தெரு முழுக்க மணக்கணும்."

அவளுக்கும் அது போதுமாக இருந்தது. குழாயடிக்குத் தலை நிமிர்ந்து போனாள்.

வழக்குக்குத் தேவையானவை அந்த நான்கு துப்பாக்கிகள். அவற்றைச் சோதனைக்கு மெட்ராசுக்கு அனுப்ப வேண்டும். யார் அனுப்புவது? கடல் வழியாக வந்ததால் எங்களுடையது என்று ஓர் இலாகா எழுதியது. மலை வழியாகப் போக இருந்ததால் எங்களுடையது என்று பக்கத்து மாநிலத்திலிருந்து எழுதினார்கள். இரண்டுமே இல்லை, இது தேச பாதுகாப்பு என்று மெட்ராசிலிருந்து மூன்றாவதாக ஒருவர் எழுதினார். மூன்று பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம், தங்கள் ஆள் வரும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது என்பது. ஆள் யாரும் வரவில்லை. நாய்க்குப் பேர் போன ராஜபாளையத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு மோப்ப நாய்க்கு மதுரைக்கு எழுதிப் போட்டார்கள். அது மட்டும் வந்தது. மிச்சமிருந்த கருவாட்டில் பாதியைத் தின்றுவிட்டுப் போனது.

துப்பாக்கி மூட்டை அரக்கு முத்திரையோடு ஸ்டேஷன் பின்னறையில் கிடந்தது. மனிதர்கள் யாரும் தொடவில்லை. எலி தொட்டது. சாக்கில் கருவாட்டு வாடை இருந்தால் எலிக்கு இலாகா உத்தரவு எங்கே தெரியும்? சாக்கைக் கிழித்து, எண்ணெய்த் தாளைக் குதறி, முத்திரையையும் உருட்டித் தள்ளிவிட்டது.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் சம்பத்குமார் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், சாமி காரியத்தில் குறை வைக்காதவர். நெற்றியில் ஸ்ரீசூர்ணம் இல்லாமல் லத்தியைக்கூடத் தொடமாட்டார். "ஸ்டேஷனுக்குள்ள இருக்கிற ஆயுதம் அத்தனையும் பூஜைக்கு வரணும்யா. ஒண்ணு விட்டாலும் தோஷம்," என்று சொல்லிவிட்டுப் போனார். ரைஃபிள்களை எடுக்கப் பின்னறைக்குப் போன கண்ணுச்சாமி, மூட்டை கிடந்த கோலத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார். நான்கு துப்பாக்கியிலும் கருவாட்டு உப்பு ஏறி, செம்மண் பூசியதுபோலத் துரு.

மெட்ராசில் துப்பாக்கியைச் சுட்டுப் பார்ப்பார்கள் என்று மட்டும் அவருக்குத் தெரியும். சுடாத துப்பாக்கி வெறும் இரும்பு. பழைய இரும்புக் கடைக்குப் போன லாரி என்று ஐயாதுரை சொல்லிவிட்டால் கேஸ் போச்சு. பட்டாளத்தில் துப்பாக்கிக் குழலில் பொட்டுத் துரு இருந்தால் வெயிலில் முட்டி போட வைத்த சுபேதாரின் முகம் வேறு கண் முன்னால் வந்தது. அந்தத் துப்பாக்கிகளில் கைரேகை என்று ஒன்று இருக்கும், ஐயாதுரையை மாட்டிவைக்க மெட்ராஸ்காரர்கள் தேடப் போவது அதைத்தான் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஏட்டுக்கு எதற்கு அதெல்லாம் என்று இருந்துவிட்டார்கள்.

உட்கார்ந்தார். மண்ணெண்ணெய் ஊற்றினார். உப்புத்தாளால் தேய்த்தார். தேங்காய் எண்ணெய் போட்டுப் பிடியிலிருந்து முனை வரை துடைத்தார். மாரிச்சாமி எட்டிப் பார்த்து, "கேசு சாமானாச்சே, தொடலாமாண்ணே?" என்றார்.

"துருப்பிடிக்க விட்டுட்டுப் பொறவு யாரு பதில் சொல்லுதது? நம்ம மானத்தக் காப்பாத்துன சாமான்டா இது," என்றார் கண்ணுச்சாமி.

பூஜையில் ஸ்டேஷன் ரைஃபிள்களுக்கும் கைவிலங்குகளுக்கும் டைப்ரைட்டருக்கும் நடுவில் அந்த நான்கும் பளபளவென்று இருந்தன. சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பூச்சரம் சாத்தினார்கள். சப்-இன்ஸ்பெக்டரே சூடம் காட்டினார். கண்ணுச்சாமி கன்னத்தில் போட்டுக்கொண்டபோது அவருக்குக் கண் கலங்கியது. மற்றவர்களுக்கு அது துப்பாக்கி. அவருக்குப் போன பெயரைத் திருப்பிக் கொடுத்த தெய்வம்.

அதற்கடுத்த வருடம் ஒருவழியாகத் துப்பாக்கிகள் மெட்ராசுக்குப் போய்த் திரும்பின. 'நன்றாகச் சுடுகிறது' என்று சான்று வந்தது. அதைப் பார்த்துக் கண்ணுச்சாமி எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். 'ரேகை எதுவும் இல்லை' என்று கீழே இருந்த வரியை யாரும் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. டிரைவர் சமுத்திரமோ ஜாமீனில் வந்ததுமே, ஐயாதுரை முதலாளி யாரென்றே தனக்குத் தெரியாது என்று மாற்றிச் சொல்லிவிட்டான். அந்த வருடமும் ஆயுத பூஜை வந்தது. போன வருடம் பூஜை போட்ட ஆயுதத்தை இந்த வருடம் விட்டால் தெய்வக் குத்தம் இல்லையா? மெட்ராஸ் முத்திரையைப் பிரித்து வெளியே எடுத்தார்கள். பூஜை முடிந்ததும் பயபக்தியோடு அப்படியே கட்டி வைத்தார்கள்.

கார்த்திகையில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் விசாரணை. கண்ணுச்சாமி சட்டைக்குக் கஞ்சி போட்டு, முதல் நாளே மீசையைச் சரி செய்துகொண்டு போயிருந்தார். ஐயாதுரைக்கு வாதாட வந்தவர் வக்கீல் அழகியமணவாளன். மாட வீதியில் வீடு, அதிராத பேச்சு. மூட்டையை எல்லார் முன்னாலும் பிரிக்கச் சொன்னார்.

பிரித்ததும் கோர்ட்டில் சந்தன வாசம் வந்தது. காய்ந்த பூச்சரம் ஒன்று விசையில் சிக்கியிருந்தது. வக்கீல் ஒரு துப்பாக்கியைத் தூக்கிக் குழலைக் கீழே சாய்த்தார். மேஜையில் எதுவோ வெள்ளையாக விழுந்தது.

"ஏட்டையா, இது என்னன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கோ."

கண்ணுச்சாமி குனிந்து பார்த்தார். "பொரிங்கய்யா."

கோர்ட் சிரித்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கருவாட்டு மூட்டைக்குள்ளிருந்து எடுத்ததா நீங்க சொல்ற துப்பாக்கியிலே பொரி எப்படி வந்தது? குங்குமம் எப்படி வந்தது? ஐயாதுரை பூஜை பண்ணி அனுப்பினாரா?"

"நாங்கதான் பூஜை போட்டோம்யா. ஆயுத பூஜைக்கு."

"நாங்கன்னா? உங்க சப்-இன்ஸ்பெக்டர், தான் அன்னைக்கு லீவிலே இருந்ததா எழுதிக் கொடுத்திருக்காரே?"

கண்ணுச்சாமி திரும்பிப் பார்த்தார். சம்பத்குமார் ஜன்னலுக்கு வெளியே கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷன் சூடம் காட்டியபோது பக்கத்தில் நின்று தட்டைப் பிடித்தது நான்தானே என்று ஏட்டுக்குத் தொண்டை வரை வந்தது. முப்பது வருட சல்யூட் அதை அங்கேயே நிறுத்திவிட்டது.

"நான்தான்யா போட்டேன்," என்றார்.

"கனம் கோர்ட்டாரவர்களே," என்றார் வக்கீல், "இதிலே கருவாட்டு வாடை இல்லை, உப்பு இல்லை, முத்திரை இல்லை. எண்ணெய் இருக்கு, சந்தனம் இருக்கு. இது ஸ்டேஷனிலே பரம்பரையா பூஜையிலே இருக்கிற ஆயுதம்னு நான் சொல்றேன். இல்லேன்னு நிரூபிக்க அவாகிட்ட என்ன இருக்கு?"

ஒன்றும் இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஐயாதுரை விடுதலையானார். சம்பத்குமாருக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்தது. மூன்று இலாகாக்களும், யாரும் தொடக்கூடாது என்று தாங்கள் முன்பே எழுதியிருந்ததைச் சுட்டிக்காட்டித் தனித்தனியாகக் கடிதம் அனுப்பின. கண்ணுச்சாமியைச் சஸ்பெண்ட் செய்தார்கள். ரேகை விஷயத்தை அவர் தெரிந்துகொண்டதே அந்த உத்தரவைப் படித்துத்தான். 'வேண்டுமென்றே, உள்நோக்கத்தோடு ரேகையை அழித்தார்' என்று அதில் எழுதியிருந்தது. படித்துவிட்டு அவர் அழுதார். வேண்டுமென்றே என்பது உண்மைதான். உள்நோக்கம் இருந்ததும் உண்மைதான். அது என்ன நோக்கம் என்று சொன்னால் கேட்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பக்தியில் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிற போலீஸ்காரரை ஊர் அதற்கு முன் கண்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல பகலில், அவர் வீட்டு வாசலில் அம்பாசிடர் கார் வந்து நின்றது. குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் குடத்தை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். ஐயாதுரையே இறங்கினார். கையில் பால்கோவா, மாலை, பெரிய ஓலைப் பெட்டி ஒன்று.

"ஏட்டையா, ஒங்கள மறந்தா நான் மனுசனே கெடையாது. கேக்காமலே செஞ்சிய பாத்தியளா, அதுல்ல பெருசு!"

"யோவ், நான் ஒனக்கு ஒண்ணும் செய்யலய்யா! சாமி கும்பிட்டேன்யா!"

ஐயாதுரை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அதத்தான் நானும் சொல்லுதேன். இப்படி ஒரு ரோசன எந்த வக்கீலுக்கும் வராது. வெளிய சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும்." ஓலைப் பெட்டியைத் தூணோரம் வைத்துவிட்டு, ஏட்டின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளத்தாய் பெட்டியைத் திறந்தாள். வஞ்சிரம் கருவாடு. ஒவ்வொரு துண்டும் உள்ளங்கை அகலம். தெரு முழுக்க மணந்தது. கண்ணுச்சாமிக்கு இப்போது சளி இல்லை.

"தூக்கி ஓடையில கொட்டுட்டி," என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு.

அவள் பெட்டியை மூடினாள். வாசல் கதவைச் சாத்தினாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அத்தனை வருடத்தில் அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி அவர் கேட்டதில்லை.

"ஊருக்கு என்ன வேணும்னாலும் சொல்லிக்கோங்க. எங்கிட்டயாச்சும் நெசத்தச் சொல்லுங்க. அம்புட்டு பெரிய காரியத்துக்கு, இந்தக் கருவாடு மட்டுமா குடுத்தாரு?"