பிடிநாய்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் எந்தக் கம்பெனி வாசலுக்குப் போனாலும் சாம்பல் நிறத்தில் ஒரு நாய் படுத்திருக்கும். குலைக்காது. வேற்றாள் போட்ட சோற்றை மோந்துகூடப் பார்க்காது. ஆளைப் பிடித்தால் கிழிக்காது, விடவும் விடாது. வாட்ச்மேன்கள் அதைப் பிடிநாய் என்பார்கள். வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்த ஜாதி என்று ஆளுக்கொரு கதை அளக்கிறார்கள். அளக்கட்டும். அந்த நாயை உண்டாக்கியவள் ஆரோக்கியமேரியாகிய நான். வயிற்றெரிச்சலில் உண்டாக்கினேன்.

நானும் என் வீட்டுக்காரரும் எளாவூருக்கு மேற்கே சுப்பராயனுடைய நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். நிலம், ரைஸ் மில், லாரி, எல்லாம் உள்ள ஆள். கடலை பிடுங்கி முடித்த கொல்லையில், மண்ணுக்குள் தங்கிப்போன காய்களைக் கூலிக்காரர்கள் பொறுக்கிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். அதை யாரும் திருட்டு என்று சொல்லமாட்டார்கள். 1962இல் அப்படிப் பொறுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர்மேல் சுப்பராயன் தன் அல்சேஷன் நாயை ஏவினான். டைகர் என்று அதற்குப் பேர். தொடையைக் கிழித்துவிட்டு மில்லுக்குள் ஓடிவிட்டது. புண் சீழ் பிடித்து, ஜன்னி கண்டு, அவர் செத்துப்போனார்.

அடக்கம் முடிந்த கையோடு மில் வாசலுக்குப் போய் நியாயம் கேட்டேன்.

"என் நாய்தான் கட்ச்சிதுன்னு எவன் பார்த்தான்? ஊர்ல வேற நாயே இல்லியா?" என்றான் சுப்பராயன்.

"உங்க கொல்லையில ஒழச்ச மனுசன்யா."

"எவன்டி அவன்? பேரு இன்னா?"

என் வாய் கட்டிக்கொண்டது. எங்கள் பக்கம் பெண்கள் புருஷன் பேரைச் சொல்லமாட்டார்கள். ஞானஸ்நானம் எடுத்த குடும்பம்தான், ஆனாலும் அந்த வழக்கம் எங்களை விடவில்லை. "என் ஊட்டுக்காரரு" என்று மட்டும் சொன்னேன். அவன் சிரித்தான்.

"பேரே இல்லாதவன் செத்தா யாருக்கு இன்னா நஷ்டம்? போடி."

கூட வேலை செய்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேரைச் சொல்லாமல் வந்த என்மேலேயே எனக்கு ஆத்திரம். அவன்மேல் அதைவிடப் பத்து மடங்கு. இவன் ஒருநாள் ஓட வழியில்லாமல், நாலு பேர் பார்க்க நிற்கவேண்டும், அந்த வாயாலேயே என் புருஷன் பேரைச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புதான் எனக்கு ஜெபம், சோறு, தூக்கம் எல்லாம்.

என்னிடம் செவலை என்று ஒரு நாட்டுப் பெட்டை நாய் இருந்தது. புத்திசாலி, கஞ்சித்தண்ணியில் காலம் தள்ளும். ஆனால் கல்லெடுக்கக் குனிந்தாலே ஓட்டம். டைகருக்கு எலும்பும் தாடையும் உண்டு, வெயில் தாங்காது, எவன் கறித்துண்டு போட்டாலும் தின்னும். செவலை பருவத்துக்கு வந்ததும் மில்லின் பின்சுவர் ஓரம் கொண்டுபோய்க் கட்டினேன். டைகர் சுவரைத் தாண்டி வந்தது. நான் பக்கத்திலேயே நின்றேன். என் நாத்தனார் செண்பகம் பார்த்துவிட்டுக் காறித் துப்பினாள்.

"எங்க அண்ணனைக் கொன்ன நாய்கிட்டயே கொண்ணாந்து உட்டுக்கினு நிக்கிறியே, நீயெல்லாம் பொம்பளையா அண்ணி?"

"அந்தப் பல்லு எனுக்கு ஓணும்" என்றேன்.

அதற்குப் பிறகு வெகுநாள் அவள் என்னோடு பேசவில்லை.

குட்டிகள் நடை பழகியதும் அவற்றின் எதிரில் குனிந்து கல்லெடுப்பேன். ஓடிய குட்டியை லாரிக்காரர்களிடம் கொடுத்துவிடுவேன். நின்ற குட்டி என்னிடம் தங்கும். அப்புறம் கோணியைக் கவ்வக் கொடுத்து இழுப்பேன். உதறிக் கிழிக்கிற குட்டி எனக்கு ஆகாது. கவ்வியபடி தொங்குகிற குட்டிதான் வேண்டும். கடித்துவிட்டு ஓடுகிற நாயால்தானே 'எவன் பார்த்தான்' என்று அவனால் கேட்க முடிந்தது? ஆட்கள் வந்து பார்க்கும்வரை பிடி விடாத நாய் எனக்கு வேண்டியிருந்தது.

குலைக்கும் புத்திதான் லேசில் போகவில்லை. செக்போஸ்டில் டீ குடிக்க நிற்கும் லாரி டிரைவர் குப்புராஜ் அதற்கு வழி செய்தான். நெல்லூர்ப் பக்கத்து ஆட்டுக்காரர்களிடமிருந்து ஒரு சாம்பல் கடுவன் நாயை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

"எங்க நைனா ஊரு நாயி யக்கா. நரி வந்தாகூட சவுண்டு உடாது. போயி புட்ச்சிக்கும்" என்றான்.

டைகரின் பேத்திகளை அதோடு சேர்த்தேன். பிறகு நல்லதோடு நல்லதைச் சேர்த்துச் சேர்த்து, போடுகிற குட்டியெல்லாம் ஒரே அச்சாக வர ஆரம்பித்தபோது என் தலை நரைத்திருந்தது. அதற்குள் பேட்டை வந்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் என் வீட்டைத் தேடி வந்தார்கள். எல்லாருக்கும் ஒன்றுதான் சொல்வேன்: வாங்குகிறவர் தான் சாப்பிட்ட தட்டில் மிச்சம் வைத்து, தன் கையாலேயே குட்டிக்கு ஊட்டவேண்டும். அந்த எச்சில் வாசனைக்காரன்தான் அதற்கு எஜமான். மற்றவன் யாராக இருந்தாலும் அதற்கு வேற்றாள்.

1984இல் சுப்பராயன் காரில் வந்து இறங்கினான். பேட்டையில் ஆணிக் கம்பெனி போட்டிருந்தான். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்கு அது வசதியாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. இருந்ததிலேயே தாடை பெருத்த குட்டியை எடுத்து வந்து, மற்றவர்களுக்குச் சொன்னதையே அவனுக்கும் சொன்னேன்.

"ஒங்க தட்டுல மிச்சம் வச்சி, ஒங்க கையாலயே ஊட்டணும்யா."

"நானா? சேரியில பொறந்த நாய்க்கு நான் ஊட்டணுமா? அதுக்கெல்லாம் ஆளுங்க கீறாங்க."

இப்படித்தான் சொல்வான் என்று எனக்குத் தெரியும். எங்கள் கை பட்டுவிடும் என்று தண்ணீரை எட்ட நின்று ஊற்றியவன் அவன். இரண்டாம் தடவை எடுத்துச் சொல்ல எனக்கு ஒன்றும் வேண்டுதல் இல்லை. குட்டியை மஞ்சள்தண்ணியில் குளிப்பாட்டி, எங்கள் தெருக்காரனான வாட்ச்மேன் வரதனிடம் ஒப்படைத்தானாம். வரதன் தன் டிபன் பாக்ஸிலிருந்து ஊட்டினான். கம்பெனி ஆட்களும் ஆளுக்கொரு வாய் ஊட்டினார்கள். சுப்பராயன் வரும்போதெல்லாம் வரதன் நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொள்வான். கேட்டுக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன்.

மறு வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உலை வைத்தேன். ஆணிக் கம்பெனியில் மெஷின் ஓட்டும் மோசஸ் சைக்கிளில் பறந்து வந்தான்.

"மேரிக்கா, நாயி மொதலாளி கையப் புட்ச்சிக்கிச்சி. வரதன் அண்ணன் வேப்பம்பட்டுல கல்யாணத்துக்குப் போயிருக்குது. நாங்க சொன்னா உடமாட்டேங்குது. சீக்கிரம் வாக்கா."

நான் சோற்றை வடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். வெற்றிலை போட்டுக்கொண்டேன். மோசஸ் பின்னாலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

ஓவர்டைம் ஆட்கள் எல்லாம் முற்றத்தில் நின்றிருந்தார்கள். தன் கம்பெனிக் கதவைத் தானே திறந்து உள்ளே வந்த சுப்பராயன், கதவோரமே முட்டி போட்டிருந்தான். வலது மணிக்கட்டு நாயின் வாயில். இழுக்க இழுக்கப் பல் இறங்கியிருந்தது. என்னைக் கண்டதும் கத்தினான்.

"உடச் சொல்லுடி! இன்னா ஓணுமோ கேளு, தரேன்!"

"ஒன் நாய் கட்ச்சி செத்தவன் பேரைச் சொல்லு. உடச் சொல்றேன்." ஆயுசில் முதல் தடவையாக அவனை நீ என்றேன்.

"எவன்? யாரைக் கேக்கிற?" கண்ணை மூடி யோசித்தான். "ஏசையாவா? கெணத்துல வுழுந்தானே, அவனா? நாய் தொரத்தினா அவன் ஏன் கெணத்துப் பக்கம் ஓடணும்? அதுக்கு நான் இன்னா பண்றது?"

மோசஸின் கையிலிருந்த சைக்கிள் சாய்ந்தது. ஏசையா அவனுடைய அப்பா. குடித்துவிட்டுக் கிணற்றில் விழுந்தார் என்றுதான் இத்தனை காலமும் ஊர் நம்பியிருந்தது.

"அவரு இல்ல" என்றேன்.

"அப்போ அந்த மாடு மேய்க்கிற பொண்ணா? அது பொழச்சிக்கிச்சே!"

கூட்டத்தில் யாரோ ஒருவர் தேம்பும் சத்தம் கேட்டது. அவன் இன்னொரு பேரைச் சொன்னான். அதுவும் என் வீட்டுக்காரர் பேர் இல்லை. இத்தனை வருஷம் நான் கண்ணுக்குள் வைத்து வளர்த்த பகைக்கு அவன் நினைப்பில் ஒரு மூலைகூட இல்லை. அது டைகர் பல்லைவிட ஆழமாக இறங்கியது. அந்த மணிக்கட்டைக் கிழிக்கத் தெரியாத நாயாக அதை வளர்த்தோமே என்று அப்போது நொந்துகொண்டேன்.

நாயின் தாடைக்கடியில் என் கையை வைத்தேன். பிறந்த வீட்டுக் கை என்று அதற்குத் தெரியும். விட்டுவிட்டது. சங்கிலியை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன். மோசஸ் வாசல்வரை வந்தான்.

"யக்கா, ஒன் ஊட்டுக்காரரு பேரு இன்னா?"

அன்று மில் வாசலில் கட்டிய வாய் இன்று கட்டவில்லை.

"தாவீது" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி. "என் புருசன் பேரு தாவீது."

மோசஸ் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டான். நான் எதிர்ப்பக்கம் புங்கமர நிழலில் நாயோடு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சுப்பராயன் குரல் கேட்டது. தாவீது என்றது. மறுபடி தாவீது என்றது. அடுத்த தடவை அலறலாக வந்தது. எழுந்து போய்க் கதவைத் தட்டி, போதும் விடுங்கடா என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் விட்டிருப்பார்கள்.

நான் சொல்லவில்லை.