அப்பாவின் போனில் சத்தம் வரவில்லை

பகல் ஒன்றே முக்காலுக்கு அக்கா ஐவி எனக்குப் போன் பண்ணினாள். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து பேசினாள். பின்னால் பிள்ளைகள் அழும் சத்தம் கேட்டது.

"டிலுக்ஷி, அப்பா ஒங்கிட்ட வந்தாராடி?"

"ஹட்டனுக்கா? இந்த மழையிலயா? ஒன்கூடத்தானே இருக்கணும்?"

"இங்க இல்லடி. மண்ணு சரியும்னு லயத்து ஆளுங்க எல்லாம் பத்து மணிக்கே இங்க வந்துட்டாங்க. நா கொழுந்து மலையிலருந்து நேரா வந்துட்டேன். அப்பா ஃபேக்டரியிலயே நின்னுட்டாருன்னு இவங்க நெனச்சிருக்காங்க. ஃபேக்டரியில கேட்டா, காலையில ஏழு மணிக்கே வீட்டுக்குப் போயிட்டாருங்கிறாங்க."

அப்பா சூசைரட்ணத்துக்கு ஃபேக்டரியில் இரவு வேலை. காலையில் வந்து, கதவை உள்ளே தாழிட்டு, போனைச் சைலன்ட்டில் போட்டுத் தலைமாட்டில் வைத்துப் படுத்தாரென்றால் சாயங்காலம் நாலரை அலாரத்துக்குத்தான் எழும்புவார். தகரத்தில் மழை எவ்வளவு கொட்டினாலும் அசையமாட்டார். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள் இருக்கும் கீழ் லயம் முழுவதும் காலி. கடைசிக் காம்பரா எங்கள் வீட்டு அறை. அதில் அவர் மட்டும் தூங்குகிறார். அதன் பின்சுவரிலிருந்து பத்தடி தள்ளி மலை ஏறுகிறது. போன வருச மழையில் அந்த மலையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தது.

இப்படி ஒரு நாளுக்காகத்தான் நான் அந்த ஆப்பைச் செய்தேன். தொழிலாளர் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் முற்றத்தில் மழை அளக்கும் குழாய் ஒன்று வைத்திருக்கிறோம். தோட்டத்துப் பையன் ஜீவராஜ் மணிக்கொருதரம் பார்த்து அளவைப் போனில் போடுவான். அளவு எல்லையைத் தாண்டினால் அறுபத்திரண்டு போன்களில் ஃபேக்டரிச் சங்கு ஊத வேண்டும். கேட்டவர்கள் 'கேட்டேன்' என்ற பொத்தானை அமுக்கினால் என் திரையில் அவர்கள் பெயர் பச்சையாகும். அதுவரை சிவப்பு.

காலை பத்து மணிக்கே முதல் சங்கு போயிருந்தது. ஐந்து பெயர்தான் பச்சையானது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஒரு பொத்தானை அமுக்க இவர்களுக்கு என்ன கேடு என்று நினைத்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். சனங்கள் வெளியேறினார்கள் என்று கேட்டதும் என் சங்குக்குத்தான் வெளியேறினார்கள் என்று பெருமைப்பட்டு, தேத்தண்ணி போட்டுக் குடித்தேன்.

இப்போது அக்காவிடம் கேட்டேன்: "பத்து மணிக்கு ஒன் போன்ல சங்கு ஊதுச்சா?"

"சங்கா? அதெல்லாம் ஒன்னும் கேக்கலயே. கங்காணி வந்து கத்தித்தான் எல்லாரும் எறங்குனாங்க."

திரையில் அந்த ஐந்து பச்சைப் பெயர்களைத் திரும்பப் பார்த்தேன்.

அக்காவை லைனில் வைத்துக்கொண்டே அப்பாவுக்குப் போன் அடித்தேன். சைலன்ட்டில் கிடக்கும் போன் எப்படிக் கேட்கும்? ஜீவராஜுக்கு அடித்தேன். அக்கா சொல்லி அனுப்பி, லயத்து ரோட்டுக்கு அடியில் ஓடை கடக்கும் ஓடைப் போக்குக்குக் கிட்டே நின்றான். "அக்கா, தண்ணி ரோட்டுக்கு மேல போகுது. கால வெச்சா இழுத்துட்டுப் போயிரும். மூடுபனியில லயமே தெரியல. கத்திப் பாத்தேன், ஓடச் சத்தத்துல எனக்கே என் கொரலு கேக்கல. ஒரு மணிக்குப் பாத்தப்ப நூத்தி முப்பத்தெட்டு மில்லிமீட்டர் காட்டுச்சு, அக்கா."

நூற்றைம்பதுக்கு மேல் போனால் அந்த மலையை நம்ப முடியாது என்று சொல்லியிருந்தார்கள். அப்பாவின் போனுக்கு மட்டும் திரும்பச் சங்கை அனுப்பினேன். திரையில் வரிசையாக விழுந்தது: செய்தி வந்தது. ஒலி தொடங்கியது. ஒலி முடிந்தது. பிழை இல்லை.

பெயர் சிவப்பாகவே இருந்தது.

பிழை இருந்தால் பிடித்துவிடலாம். பிழையே இல்லை என்று சொல்கிறதை எங்கே பிடிப்பது? ஒலிக்கோப்பு போனில் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. பேட்டரியை மிச்சம் பிடிக்க போன் ஆப்பைத் தூங்கவைத்துவிட்டதா என்று பார்த்தேன், இல்லை. பேட்டரி அறுபத்து மூன்று சதவீதம். அப்பாவிடம் இருப்பதைப் போலவே ஒரு போன் சோதனைக்கென்று என் மேசையில் கிடந்தது. அதற்கு அனுப்பினேன். காது கிழியச் சங்கு ஊதியது.

கீழே போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பிரதாப் படியேறி வந்துவிட்டார். அவர் கடைக்கு மேலேதான் என் அறை.

"என்ன தங்கச்சி, கடையில ஆளுங்க பயந்துட்டாங்க!"

அழுதுகொண்டே சொன்னேன். இதில் ஊதுகிறது, அங்கே ஊதவில்லை, ஊதியதாகத்தான் எழுதுகிறது என்று. அவர் கேட்டார்: "பாட்டு கேக்குற வால்யூம்லயா ஊதுது?"

"ஆமா."

"அட, போ! தோட்டத்துப் போன்ல அது சைபர்லல்ல இருக்கும்? ஸ்பீக்கர் போச்சுன்னு வாரத்துக்கு நாலு பேரு கொண்டாருவாங்க. பாத்தா சத்தம் சைபர்ல கெடக்கும். கூட்டிக் குடுத்தா, 'ஐயோ, அடுத்த காம்பராவுக்குக் கேக்குமே'ன்னு பொம்பளைங்க திருப்பிக் கொறச்சிட்டுத்தான் வாங்கிட்டுப் போவாங்க."

என்னைச் செருப்பால் அடித்தது போல் இருந்தது. அந்த லயத்தில் பிறந்தவள் நான். நடுச்சுவர் கூரைவரை போகாது. ஒரு காம்பராவில் இருமினால் ஆறு காம்பராவுக்குக் கேட்கும். வீடியோவைச் சத்தமில்லாமல் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். போனில் பாட்டுக்கு ஒரு வால்யூம், ரிங்டோனுக்கு ஒன்று, அலாரத்துக்கு ஒன்று. நான் சங்கைப் பாட்டுக்குள்ளே விட்டிருக்கிறேன். சைபரில் ஊதியிருக்கிறது, பிழை இல்லாமல் ஊதியிருக்கிறது.

முதலில் நான் அதை அலாரத்தில்தான் வைத்திருந்தேன். சைலன்ட்டில் கிடந்தாலும் கத்தும். தவக்காலத்து வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில், ஆண்டவர் உயிர்விடும் தலத்தில் கோயிலே முழந்தாளில் மௌனமாக நின்ற நேரம், ஜீவராஜ் சோதித்துப் பார்க்கிறேன் பேர்வழி என்று அமுக்கிவிட்டான். முப்பது போன்கள் ஒன்றாக ஊதின. அப்பா கோயில் மூப்பர். வெளியே வந்து எல்லார் முன்னாலும் என்னைப் பிடித்து ஏசினார். "சைலன்ட்டுல போட்டா சைலன்ட்டா இருக்கணும்டி! மானத்த வாங்கிட்டியே!" எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கே சங்கைப் பாட்டுக்கு மாற்றினேன். வெறும் ரோஷத்தில் செய்த வேலை. அறைக்கு வந்து என் போனில் சோதித்தேன். என் போனில் வால்யூம் எப்போதும் முழுசாகத்தான் இருக்கும். இங்கே சுவர் கூரைவரை போகிறது.

நல்லவேளை, பழைய வழியை நான் அழிக்கவில்லை. ஆப் ஒவ்வொரு செய்திக்கும் எந்த வால்யூமில் ஊத வேண்டும் என்று இங்கிருந்துதான் கேட்கும். 'பாட்டு' என்ற இடத்தில் 'அலாரம்' என்று மாற்றினேன். விரல் மூன்று தடவை தவறான எழுத்தில் விழுந்தது. அனுப்பினேன்.

நாலு விநாடி. சூசைரட்ணம், பச்சை.

"அமுக்கிட்டாரு! அக்கா, அப்பா எந்திரிச்சிட்டாரு!" என்று போனில் கத்தினேன். பிரதாப் 'முருகா' என்று சுவரில் சாய்ந்தார்.

ஐவி சந்தோசப்படவில்லை. "ஏய், அவரு அலாரத்த அமுக்கிட்டுத் திரும்பிப் படுக்கிற மனுசனாச்சேடி. ஒரு நாளாச்சும் மொத அலாரத்துக்கு எந்திரிச்சிருக்காரா?"

ஐயோ. கண்ணைத் திறக்காமலே தலைமாட்டில் கைபோட்டு அமுக்குவார். முப்பது வருசப் பழக்கம். பச்சை என்றால் கேட்டார் என்றுதான் அர்த்தம்; எழும்பினார் என்று நான் எங்கே கண்டேன்?

திரும்ப அனுப்பினேன். மூன்று விநாடியில் பச்சை. திரும்ப. பச்சை. அமுக்கினாலும் பத்து விநாடியில் தானாகவே மறுபடி ஊதும்படி மாற்றி அனுப்பினேன். பச்சை. பச்சை. அந்த நிறத்தை அந்த அளவுக்கு நான் வெறுத்ததில்லை. "எந்திரிங்கப்பா, எந்திரிங்கப்பா" என்று திரையைப் பார்த்துக் கெஞ்சினேன். ஜீவராஜ் புது அளவைப் போட்டான். நூற்றைம்பத்தொன்று.

எட்டாவது தடவை பச்சை வரவில்லை. முப்பது விநாடி. ஒரு நிமிடம். சங்கு ஊதிக்கொண்டே இருக்கிறது, யாரும் அமுக்கவில்லை. எழும்பிப் போய்விட்டாரா? போனைத் தலையணைக்குக் கீழே தள்ளிவிட்டுத் தூங்குகிறாரா? பிரதாப் ஏதோ சொன்னார், எனக்கு ஏறவில்லை.

இரண்டு பதினேழுக்கு அப்பாவின் போன் திரையிலிருந்தே போய்விட்டது. தொடர்பு இல்லை என்று வந்தது. அதே நேரம் ஐவி பக்கம் பிள்ளைகளின் அழுகை சட்டென்று நின்றது. "டிலுக்ஷி, என்னமோ சத்தம் கேட்டுச்சுடி," என்றாள். "லொறி கல்லு கொட்டுற மாதிரி." பிறகு அவள் லைனும் அறுந்தது.

அதன்பிறகு இருபத்தாறு நிமிடம். நான் யாருக்கும் போன் அடிக்கவில்லை. அடித்தால் யாராவது சொல்லிவிடுவார்கள் என்று பயம். என்னால்தான், என் ரோஷத்தால்தான், பத்து மணிக்கே எழுப்ப வேண்டியவரை எழுப்பவில்லை என்பது மட்டும் மண்டைக்குள் சுற்றியது. பிரதாப் கடையை மூடிவிட்டு வந்து, வாசலில் உட்கார்ந்திருந்தார்.

ஜீவராஜின் நம்பர் வந்தது. எடுக்கக் கை போகவில்லை. பிரதாப்தான் அமுக்கி என் காதில் வைத்தார்.

"அக்கா, ஐயா இருக்காரு. இருக்காருக்கா!"

அவன் மூச்சிரைத்துக்கொண்டு சொன்னான். போன் நிற்காமல் கத்தவும் அப்பா எழும்பியிருக்கிறார். சிலுவைப்பாதை அன்றைக்குச் செய்த சேட்டையை இவன்தான் திரும்பச் செய்கிறான் என்று நினைத்து, போனைப் படுக்கையிலேயே எறிந்துவிட்டு, இவனை ஏச ஓடைப் போக்குவரை வந்திருக்கிறார். "அந்தக் கரையில நின்னு கையக் கைய ஆட்டுறாரு அக்கா, ஒன்னும் கேக்கல. கொட மட்டுந்தான் தெரியுது. அப்பதான் அவருக்குப் பின்னுக்கு மல எறங்குச்சு. கடைசி நாலு காம்பராவும் இல்லக்கா. இப்ப தண்ணி வத்தவும் கயித்தப் புடிச்சு வந்தேன். ஐயாகிட்ட குடுக்குறேன்."

"அப்பா..."

என்னை ஏசுவார் என்று நினைத்தேன். ஏசினால் நன்றாக இருந்திருக்கும்.

"டிலுக்ஷி," என்றார். "அது இன்னும் கத்துதும்மா."

"எதுப்பா?"

"போனு. மண்ணுக்குள்ளருந்து கத்துது. நா தல வெச்சுப் படுத்த எடத்துலருந்து."

"கிட்ட போகாதீங்கப்பா! மல இன்னும் நிக்கல. ஜீவராஜு, அப்பாவக் கூட்டிட்டு மேல போ!"

"போறோம்மா, போறோம்," என்றார். ஆனால் அவர் நடக்கும் சத்தம் கேட்கவில்லை. "நீ அத நிப்பாட்டும்மா. கேக்க முடியல."

நிறுத்து என்று அனுப்பினேன். தொடர்பு இல்லை என்று வந்தது. திரும்பவும் அனுப்பினேன். அந்தப் போன் கடைசியாக எழுதிய வரியில் பேட்டரி அறுபத்தொரு சதவீதம் என்று இருந்தது. நாளைக் காலைவரைக்கும் கத்தும்.