பலகை வெட்டிய திசை

அன்று காலையிலிருந்தே பெரியவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆறு மாதச் சண்டைக்கு இன்று முடிவு. சின்னவளின் வாயை அடைத்துவிடலாம்.

அண்ணன் மனைவி பெரியவள், தம்பி மனைவி சின்னவள். புருஷன்மார் ஆர்டர் பிடிக்கிறோம் என்று ஊர் சுற்ற, பட்டறையை உண்மையில் ஓட்டுவது இந்த இரண்டு ஓர்ப்படிகள்தான். ஹெலிகாப்டரின் தரைக்குப் பலகை செய்கிறார்கள். மேலும் கீழும் மெல்லிய தகடு, நடுவே தேன்கூடு மாதிரி அறை அறையாக, அராமிட் என்ற செயற்கை இழையில் செய்த காகிதம். கையில் எடுத்தால் கனமே தெரியாது, மேலே ஆள் ஏறிக் குதித்தாலும் அசையாது.

சண்டை அந்த நடுக் காகிதத்தைப் பற்றித்தான். அராமிட் இழையில் இரண்டு வகை. தீயணைப்பு வீரர்களின் உடுப்பில் இருப்பது ஒன்று. பதினொரு வருடமாகப் பெரியவள் வெட்டுவது அதைத்தான். குண்டு துளைக்காத சட்டையில் இருப்பது மற்றது, பட்டறைக்குப் புதிது. சின்னவள் அதற்குக் கொடி பிடிக்கிறாள்.

"அதே எடைக்கு இது இன்னும் அதிகமா தாங்கும்க்கா."

"ஆமா, நீ போய்த் தூக்கிப் பார்த்துட்டு வந்தே!"

பேச்சு போதும் என்று ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் ஓட்டும் விமானியே வந்துவிட்டார். நோயாளியோடு தானும் மிதிக்கப்போகிற தரையாயிற்றே. "எது ஜெயிக்குதோ அதைப் போடுங்க" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

வெட்டும் அறை பெரியவளுடையது, சோதனை இயந்திரம் சின்னவளுடையது. ஒரே தடிமன், ஒரே எடை, பலகையிலிருந்து வகைக்கு மூன்று பட்டைகளைப் பெரியவள் அறுத்துவந்தாள். இரண்டு உருளைகள் மேல் பட்டையைக் கிடத்தி, நடுவில் இயந்திரம் அழுத்தும். உள்ளே தேன்கூடு நொறுங்கும் வரை திரையில் எண் ஏறும்.

பழையது 178, 181, 180 கிலோவில் நொறுங்கியது.

புதியது 129இலேயே மடக்கென்றது. அடுத்தது 133. மூன்றாவது 131.

பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. "நான் அப்பவே சொன்னேனா இல்லையா?" என்று பட்டறையே அதிரக் கேட்டாள். சின்னவள் பேனா எழுதவில்லை என்று உள்ளே போய், வேறு பேனாவோடு வந்து எண்களைக் குறித்துக்கொண்டாள். பழையதையே போடலாம் என்று சொல்ல விமானி எழுந்து கைபேசியை எடுத்தார்.

வெற்றியைத் தொட்டுப் பார்க்கும் ஆசையில் பெரியவள் உடைந்த பட்டையை எடுத்தாள். தகடு பிரிந்து உள் அறைகள் தெரிந்தன. அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

காகிதத் தாள்களை அங்கங்கே ஒட்டி, இழுத்து விரித்தால் தேன்கூடு. ஒட்டிய இடங்களில் சுவர் இரட்டை. தாள் ஓடும் திசையில் வெட்டினால்தான் முழு பலம். குறுக்கே வெட்டினால் பாதி போய்விடும். இதில் இரட்டைச் சுவர்கள் குறுக்கே நின்றன. பழைய பலகையில் தாள் எப்போதும் நீளவாக்கில் ஓடும். புதிய காகிதத்தை அனுப்பிய கம்பெனி அகலவாக்கில் ஓட்டியிருக்கிறது. அவள் பார்க்கவில்லை. கைப்பழக்கத்தில் நீளவாக்கில் அறுத்துத் தள்ளிவிட்டாள்.

சொன்னால், பொறாமையில் வேண்டுமென்றே வெட்டினாள் என்பார்கள். சொல்லாவிட்டால் ஜெயித்தவள் அவள். விமானி எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க சார்!" அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "திசையை மாத்தி வெட்டிட்டேன். தப்பு என்னோடது. பத்து நிமிஷம் கொடுங்க."

பதிலுக்குக் காத்திராமல் வெட்டும் அறைக்கு ஓடினாள். பின்னாலேயே சின்னவளும் ஓடிவந்தாள். மிச்சப் பலகை மேசையில் கிடந்தது. அதன் மேல் அகலவாக்கில் ஓர் அம்புக்குறி, மை இன்னும் காயவில்லை. சின்னவளின் பேனா மை.

"உனக்குத் தெரியுமா?"

"முதல் பட்டை உடைஞ்சதுமே தெரிஞ்சுது. வேற பேனா எடுக்கற சாக்குல வந்து குறிச்சு வெச்சேன். அவர் போனதும் தனியா சோதிச்சு உங்ககிட்ட காட்டலாம்னு..."

"ஏன்டி வாயைத் திறக்கல?"

"வெளியாள் முன்னாடி, நீங்க தப்பா வெட்டினீங்கன்னு எப்படிக்கா சொல்லுவேன்? உங்களை என்ன நினைப்பார்?"

பெரியவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அறிவிருக்கா உனக்கு? மேலே பறக்கறவங்க உயிரைவிட என் மானம் பெருசா?" இப்படியும் ஒருத்தி தனக்காகத் தோற்க நிற்பாளா? ரம்பத்தை ஓடவிட்டாள். "பலகையைப் பிடி. அழுத்திப் பிடி."

மூன்று பட்டைகள் சுடச்சுட இயந்திரத்துக்கு வந்தன. 120. 140. பெரியவள் சின்னவளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். 170. 181ஐத் தாண்டியது.

"ஏறுது! ஏறுதுடி!" கத்தியது பெரியவள்தான்.

237இல்தான் நொறுங்கியது. அடுத்தது 241. மூன்றாவது 235. விமானி எழுந்து நின்று கைதட்டினார். பதினொரு வருடக் காகிதம் கண்ணெதிரே தோற்றுப்போக, பெரியவள் குதித்துக்கொண்டிருந்தாள்.

அறிக்கை எழுதும்போது சின்னவள் புதியதன் முதல் மூன்று எண்களை விட்டுவிட்டாள்.

"அதையும் எழுது."

"அது கணக்குல வராதுக்கா."

பெரியவள் பேனாவைப் பிடுங்கினாள். 129, 133, 131 என்று எழுதி, பக்கத்தில், 'திசை தவறு. வெட்டியது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சின்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணீர் பட்டு எழுத்து கலைந்துவிடாமலிருக்க, பெரியவள் அறிக்கையைச் சற்றுத் தள்ளி வைத்தாள்.